எம்சிடி4 லாக்டேட்ட வெளிய தள்ளுதுன்னா, திரும்பி உள்ள வராம யார் தடுக்குறா?

பயோகெம்_பித்து:

வணக்கம் எல்லாருக்கும். எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன், செமினாருக்கு எம்சிடி4 எடுத்துருக்கேன், லாக்டேட்ட (செல் குளுக்கோஸ ஒடைக்கிறப்ப வர்ற பொருள்) சவ்வத் தாண்டி கொண்டு போறது, அதான் மோனோகார்பாக்சிலேட் டிரான்ஸ்போர்ட்டர் 4, எஸ்எல்சி16ஏ3ங்கிற ஜீன்ல இருந்து வர்ற புரோட்டீன். 465 அமினோ அமிலம், சவ்வ 12 தடவ குறுக்க கடக்குது, ரெண்டு முனையும் சைட்டோபிளாசம் பக்கம், ஆறாவது ஹெலிக்ஸுக்கும் ஏழாவதுக்கும் நடுவுல ஒரு பெரிய லூப், இதெல்லாம் ஸ்லைடுல போட்டாச்சு, அதுல குழப்பம் இல்ல.

குழப்பம் எங்கன்னா, எல்லா ரிவ்யூலயும் "லாக்டேட்ட வெளியேத்துற டிரான்ஸ்போர்ட்டர்"னு எழுதுறாங்க. ஆனா இது ஏடிபி (செல்லோட சக்தி நாணயம்) எதுவும் செலவழிக்கிறதில்ல, வெறும் புரோட்டான் கூட சேந்து போற சிம்போர்ட்டர். அப்படின்னா வெளிய போனது ஏன் திரும்ப உள்ள வர்றதில்ல? புரோட்டீன்லயே ஒருவழிப் பாதை மாதிரி ஏதாவது அமைப்பு இருக்கா?

அடுத்தது கேஎம், அதான் டிரான்ஸ்போர்ட்டர் பாதி வேகத்துல ஓட தேவைப்படுற செறிவு, பெருசா இருந்தா பிடிப்பு கம்மின்னு அர்த்தம். பழைய பேப்பர்ல 28, 34 மில்லிமோலார்னு போட்டுருக்கு. செல்லுக்குள்ள லாக்டேட் சாதாரணமா அவ்வளவு ஏறாதே, அப்ப இது வேலையே செய்யாதேன்னு கைடு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. இன்னொரு பேப்பர்ல 1.7னு பாத்தேன். 34 எங்க 1.7 எங்க, டைப்போவோன்னு கூட நெனச்சேன். தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க, கணக்கோட சொன்னாலும் பரவால்ல.

சவ்வுக்குள்_ஒருவன்:

முதல் கேள்விக்கு நேர் பதில்: யாரும் தடுக்கல மா. எம்சிடி4 ரெண்டு பக்கமும் திறக்குற ஆட்டக் கதவு, எந்தப் பக்கம் தள்ளு அதிகமோ அந்தப் பக்கமா ஆள் போவாங்க, கதவுக்கு சொந்தமா ஒரு விருப்பம் கிடையாது. "வெளியேத்துற"ங்கிறது அந்த புரோட்டீனோட குணம் இல்ல, அது எந்த செல்லுல உக்காந்துருக்கோ அந்த செல்லோட நிலைமை. கிளைகாலிசிஸ் (குளுக்கோஸ ஒடச்சு சக்தி எடுக்குற வழி) வெறித்தனமா ஓடுற செல்லுலதான் எம்சிடி4 நெறைய இருக்கும், அங்க உள்ள லாக்டேட் எப்பவும் அதிகம், அதனால வெளிய போகுது, அவ்ளோதான். இதே புரோட்டீன ஆய்வகத்துல வச்சு வெளிய லாக்டேட்ட கொட்டுனா உள்ளயும் எடுத்துக்கும், நீங்க சொல்ற அந்த கேஎம் எல்லாமே பெரும்பாலும் அப்படி உள்ள எடுத்துக்கிறத அளந்து எடுத்ததுதான், அதுலயே ஒரு வேடிக்கை இருக்கு பாருங்க.

முதல்ல டிரான்ஸ்போர்ட்டரே எதுக்குன்னு ஒரு வரி. லாக்டிக் அமிலத்தோட பிகேஏ, அதாவது அது பாதி அயனியா பிரிஞ்சு நிக்கிற பிஹெச், 3.86, செல்லுக்குள்ள பிஹெச் 7 பக்கம், அப்ப ஆயிரத்துல ஒண்ணு கூட அமிலமா முழுசா இருக்காது, மத்ததெல்லாம் மைனஸ் சார்ஜோட லாக்டேட் அயனியா கிடக்கும். சார்ஜ் இருக்குறது கொழுப்புச் சவ்வ தானா தாண்டாது. அதனாலதான் ஒரு லாக்டேட்டுக்கு ஒரு புரோட்டான்னு ஜோடி சேத்து இந்த புரோட்டீன் கூட்டிட்டு போகுது. மைனஸும் பிளஸும் சேந்து போறதால மொத்த சார்ஜ் பூஜ்யம், அதனால சவ்வோட மின்னழுத்தம் இந்த விஷயத்துல மூக்க நுழைக்க முடியாது. இத ஸ்லைடுல கண்டிப்பா போடுங்க, நெறைய பேரு கோட்டை விடுற இடம்.

இப்ப கணக்கு. உள்ள இருக்குற லாக்டேட்டையும் உள்ள இருக்குற புரோட்டானையும் பெருக்குங்க, வெளியவும் அதே மாதிரி பெருக்குங்க, ரெண்டும் சமமாகுற வரைக்கும் ஓட்டம் இருக்கும், சமமானா நிகர ஓட்டம் நின்னுரும். வேலை பாக்குற தசை செல்லுக்குள்ள பிஹெச் 7.0, வெளிய 7.4னு வைங்க, 0.4 வித்தியாசம்னா உள்ள புரோட்டான் 2.5 மடங்கு அதிகம். உள்ள லாக்டேட் 10 மில்லிமோலார் இருந்தா வெளிய 25 வர்ற வரைக்கும் தள்ள முடியும். அதாவது வெளிய 15 இருக்கு, உள்ள 10தான் இருக்குன்னாலும் லாக்டேட் வெளியதான் போகும். லாக்டேட்ட மட்டும் பாத்தா மேட்டுல ஏறுற மாதிரி தெரியும், புரோட்டானையும் சேத்து பாத்தா பள்ளத்துலதான் இறங்குது.

இதையே திருப்பிப் போடுங்க. கேன்சர் கட்டியில வெளிப்பக்கம் அமிலமா இருக்கும், பிஹெச் 6.8னு வைங்க, உள்ள 7.2. இப்ப வெளிய புரோட்டான் 2.5 மடங்கு. வெளிய லாக்டேட் 10 இருந்தா, உள்ள 25 தாண்டினாத்தான் ஒரு மூலக்கூறாவது நிகரமா வெளிய போகும். கீழ இருந்தா திரும்பி உள்ளதான் வரும். உங்க கேள்விக்கு இதான் பதில், திரும்பி வராம தடுக்குறது புரோட்டீன் இல்ல, பிஹெச்சும் செறிவும்தான், அதுவும் நிலைமை மாறினா தடுக்காது.

கேஎம்_கணக்கன்:

மேல சொன்னவரு பங்குக்கு தெளிவா சொல்லிட்டாரு, நான் கேஎம் விஷயத்துக்கு வரேன். இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு எரிச்சல் உண்டு, அத சொல்லாம விட மாட்டேன்.

ரிவ்யூக்கள்ல ஒரு வரி காப்பி அடிச்சு காப்பி அடிச்சு ஓடிட்டே இருக்கு: "எம்சிடி4க்கு லாக்டேட் மேல பிடிப்பு கம்மி, அதனால அது வெளியேத்துறதுக்கு ஏத்தது". இந்த "அதனால" எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. பிடிப்பு கம்மின்னா உள்ள இருக்குற லாக்டேட்டையும் அது லேசாத்தான பிடிக்கும், அப்ப வெளியேத்துறதுக்கு அது எப்படி நல்லது? சக்தி செலவழிக்காத எந்த டிரான்ஸ்போர்ட்டரா இருந்தாலும் ரெண்டு பக்கமும் பிஹெச் ஒண்ணா இருக்கப்ப, உள்ள வர்ற திசையில விமேக்ஸ (உச்ச வேகத்த) கேஎம்மால வகுத்தா வர்ற எண்ணும், வெளிய போற திசையில வகுத்தா வர்ற எண்ணும் சமமாத்தான் இருக்கணும். ஒரு பக்கம் பிடிப்பு கம்மியா இருந்தா அந்தப் பக்கத்துல இருந்து வர்ற வேகம் அதுக்கேத்த மாதிரி கூடியே ஆகணும், வேற வழி இல்ல, இது தெர்மோடைனமிக்ஸ் சட்டம். ஒருவழிப் பாதைய ஓசியில கட்ட முடியாது.

சரி, கைடு கேட்டா என்ன சொல்றது. கேஎம் 30ன்னா 30க்கு கீழ வேலை செய்யாதுன்னு அர்த்தம் இல்ல, உள்ள 10 இருந்தா 10ஐ 40ஆல வகுங்க, முழு வேகத்துல கால்வாசி. சவ்வுல டிரான்ஸ்போர்ட்டர் எக்கச்சக்கமா இருந்தா கால்வாசியே போதும். பழைய கேஎம்ம வச்சே இப்படி சமாளிக்கலாம்.

ஆனா சமாளிக்க வேண்டிய அவசியமே இல்லாம போயிருச்சு. நீங்க பாத்த 1.7 டைப்போ இல்ல, 2019ல வந்த வேலை அது. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் எப்படி அளந்தாங்கன்னா, லாக்டேட்ட நேரடியா பாக்கல, லாக்டேட் கூட உள்ள வர்ற புரோட்டானால செல் எவ்வளவு அமிலமாகுதுன்னு பாத்தாங்க. அதுக்கு பிசிஇசிஎஃப்னு ஒரு சாயம், பிஹெச் மாறினா அதோட ஒளிர்வு மாறும். பிரச்சன என்னன்னா செல் சும்மா இருக்காது. புரோட்டான் உள்ள வந்தா பஃபர் அத விழுங்கும், சோடியம் புரோட்டான் எக்ஸ்சேஞ்சர் மாதிரி ஆளுங்க அத தூக்கி வெளிய போடுவாங்க. கம்மி செறிவுல லாக்டேட் உண்மையில நல்லாவே உள்ள வந்துட்டு இருக்கும், ஆனா பிஹெச்ல அது தெரியாது, நாம "ஓஹோ இந்த செறிவுல டிரான்ஸ்போர்ட் இல்ல போல"ன்னு நெனச்சுக்குவோம், கிராஃப் அப்படியே வலது பக்கம் நகந்து கேஎம் பெருசா வந்து நிக்கும்.

2019ல என்ன பண்ணாங்கன்னா, லேகானிக்னு ஒரு ஃப்ரெட் சென்சார் (ஒளிர்வு மாறி காட்டுற புரோட்டீன்), அது லாக்டேட்டையே நேரா பிடிச்சு காட்டும், பைருவேட்டுக்கு (லாக்டேட்டா மாறுறதுக்கு முந்தின பொருள்) பைரானிக்னு இன்னொண்ணு. எம்டிஏ-எம்பி-231ங்கிற மார்பகப் புற்றுநோய் செல்லுல அளந்தாங்க, அந்த செல்லுல எம்சிடி1 (இதே குடும்பத்து இன்னொரு டிரான்ஸ்போர்ட்டர்) கிடையாது, அதனால எம்சிடி4 மட்டும் தனியா மாட்டும், செல்ல தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி. அங்க 1.7, மேக்ரோஃபேஜ்ல 1.2, எம்சிடி4ஐ புகுத்துன ஹெக்293 செல்லுல 0.7 மில்லிமோலார். பக்கத்துலயே பிசிஇசிஎஃப்பையும் ஓட்டி, பழைய எண் ஏன் தப்புன்னும் காட்டிட்டாங்க. இப்ப அதே 10ஐ வச்சு கணக்கு போட்டா 10ஐ 11.7ஆல வகுக்கணும், 85 சதவீத வேகம். புது எண்கள வச்சு அவங்க போட்ட சிமுலேஷன்ல, சுத்தி லாக்டேட் குவிஞ்சு கிடக்குற இடத்துல கூட எம்சிடி4 வெளியேத்துது, எம்சிடி1ஆலயும் எம்சிடி2ஆலயும் அது முடியலன்னு வந்துச்சு. ஆக புரோட்டீன் வெளியேத்துறதுக்கு ஏத்ததுங்கிற முடிவு அப்படியே நிக்குது, சொல்லிட்டு இருந்த காரணம்தான் கவுந்துருச்சு. செமினார்ல இத சொன்னீங்கன்னா கைடு நிமிந்து உக்காருவாரு.

இன்னொண்ணு, பைருவேட். எனக்கு லாக்டேட்ட விட இதான் சுவாரஸ்யம். பழைய பேப்பர்ல எம்சிடி4க்கு பைருவேட் கேஎம் 150ன்னு போட்டுருப்பாங்க, புது அளவீட்டுல 4.2. எண் எவ்வளவோ கீழ வந்தாலும் வரிச மாறல, லாக்டேட்ட பிடிக்கிற அளவுக்கு பைருவேட்ட பிடிக்காது. எம்சிடி1 இதுக்கு நேர் எதிர், அதுக்கு பைருவேட் மேலதான் பிடிப்பு ஜாஸ்தி. இது ஏன் முக்கியம்னா, கிளைகாலிசிஸ் ஓடுறப்ப நடுவுல எலக்ட்ரான் சுமக்குற ஒரு என்ஏடி மூலக்கூறு, என்ஏடிஹெச்சா மாறுது. அத பழையபடி என்ஏடியா மாத்தி குடுக்குறது எல்டிஹெச் என்சைம், பைருவேட்ட லாக்டேட்டா மாத்துறப்பதான் அது நடக்குது. பைருவேட்டாவே ஒழுகி வெளிய போயிருச்சுன்னா அந்த என்ஏடிஹெச் அப்படியே தேங்கிரும், ஒவ்வொரு பைருவேட்டுக்கும் ஒரு என்ஏடி கடன். மைட்டோகாண்ட்ரியா கை குடுக்காத செல்லுல என்ஏடி தீந்துச்சுன்னா கிளைகாலிசிஸே நின்னுரும். ஆக வேலை முடிஞ்ச லாக்டேட்ட விடு, வேலை பாக்கி இருக்குற பைருவேட்ட வெச்சுக்கங்கிற குணம்தான் எம்சிடி4அ கிளைகாலிசிஸ் செல்லுக்கு பொருத்தமா ஆக்குது.

ஓட்டக்காரன்77:

குறுக்க வரேன் மன்னிக்கணும், எனக்கு பயோகெமிஸ்ட்ரி எல்லாம் தெரியாது, அரை மாரத்தான் ஓடுறவன். கோச் சொல்றாரு, கால் வலிக்கிறது லாக்டிக் ஆசிட் தேங்குறதாலன்னு, மறுநாள் மெதுவா ஓடினா அது கரைஞ்சு போகும்னு. இந்த புரோட்டீன் அத வெளிய தள்ளுதுன்னா பயிற்சி பண்ணி இத கூட்ட முடியுமா? சப்ளிமெண்ட் ஏதாவது?

தசைநார்:

@ஓட்டக்காரன்77 ப்ரோ, மறுநாள் வலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் போல ஆச்சுன்னா ரத்தத்துல லாக்டேட் ஓய்வு நிலைக்கே வந்துரும், மறுநாள் காலையில தேங்கி நிக்க அங்க எதுவும் இருக்காது. ரெண்டு நாள் கழிச்சு படி இறங்குறப்ப உயிர் போகுதே, அது பழக்கமில்லாத பளு, முக்கியமா தசை நீண்டுகிட்டே இழுவை தாங்குற வேலையால நார்ல வர்ற நுண்ணிய சேதமும் அதத் தொடர்ந்து வர்ற அழற்சியும். மெதுவா ஓடுறது நல்லதுதான், ஆனா கரைக்கிறதுக்கு இல்ல.

எம்சிடி4க்கு வந்தா, இது உங்க விஷயம்தான். தசையில வேகமா சுருங்குற நார், மெதுவா சுருங்குற நார்னு ரெண்டு வகை இருக்குல்ல, வேக நார்ல எம்சிடி4 கொட்டிக் கிடக்கும், மெதுவான நார்லயும் இதயத்துலயும் எம்சிடி1 அதிகம். வேக நார் குளுக்கோஸ ஒடச்சு லாக்டேட்டா வெளிய விடும், பக்கத்துல இருக்குற மெதுவான நாரும் இதயமும் அத உள்ள எடுத்து எரிச்சுக்கும், மீதி கல்லீரலுக்கு போய் திரும்ப குளுக்கோஸாகும். கல்லீரல் வழிய கோரி தம்பதி கண்டுபிடிச்சாங்க, 1947ல நோபல் வாங்கினாங்க. ஒரு செல்லு விடுற லாக்டேட் இன்னொரு செல்லுக்கு எரிபொருள்ங்கிற முழு படத்த ஜார்ஜ் புரூக்ஸ் 1980கள்ல இருந்து சொல்லிட்டு வந்தாரு, ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. லாக்டேட்ட கழிவுன்னு சொல்றத இனிமே விட்டுரலாம்.

ஓய்வுல ரத்தத்துல ஒண்ணு மில்லிமோலார் பக்கம்தான் இருக்கும், உயிரக் குடுத்து ஓடினா 15, 20ன்னு ஏறும். அப்படி ஏறுறதே டிரான்ஸ்போர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம், வெளிய வரலன்னா ரத்தத்துல எப்படி ஏறும்? ஒவ்வொரு லாக்டேட்டும் கூடவே ஒரு புரோட்டானையும் இழுத்துட்டு வர்றதால தசைக்குள்ள அமிலம் ஏறுற வேகமும் குறையுது, உங்களுக்கு உண்மையில லாபம் அதுலதான்.

பயிற்சியால ரெண்டு டிரான்ஸ்போர்ட்டரும் கூடும்னு தசைத் துண்டு எடுத்து பாத்த ஆய்வுகள் இருக்கு, தீவிர இன்டர்வெல் பயிற்சியில குறிப்பா. எம்சிடி1 கூடுற அளவுக்கு எம்சிடி4 எல்லா ஆய்வுலயும் ஒரே மாதிரி கூடல. சப்ளிமெண்ட்டுக்கு காச விடாதீங்க, இன்டர்வெல் ஓடுங்க.

ஹைப்பாக்சியா_ஆந்தை:

நான் கட்டி செல்லுங்கள வளத்து பொழப்ப ஓட்டுறவன், ராத்திரியில இன்குபேட்டர் முன்னாடி உக்காந்து இத டைப் பண்றேன், நீளமா போகும்.

@பயோகெம்_பித்து உங்க ஸ்லைடுல எம்சிடி4 தனியா நிக்குதா? தனியா நிக்க விடாதீங்க, அது தனியா நிக்காது. பேசிஜின்னு ஒரு புரோட்டீன், சிடி147ன்னும் சொல்வாங்க, சவ்வ ஒரே ஒரு தடவ கடக்கும், வெளிய இம்யூனோகுளோபுலின் மாதிரி மடிப்பு. அதுகூட சேந்தாத்தான் எம்சிடி1ஆலயும் எம்சிடி4ஆலயும் செல்லோட மேற்பரப்புக்கே வர முடியும், இல்லன்னா உள்ளயே தேங்கி அழிஞ்சிரும். 2000ல ஹேல்ஸ்ட்ராப் குழு காட்டுனது. எம்சிடி2 மட்டும் எம்பிகின்ங்கிற இன்னொரு துணைய நம்பியிருக்கும். நடைமுறையில இதோட அர்த்தம் என்னன்னா, எம்ஆர்என்ஏ அளந்து "எம்சிடி4 அதிகமா இருக்கு"ன்னு எழுதுற பேப்பர பாத்தா ஒரு நிமிஷம் நில்லுங்க, சவ்வுல வந்து சேந்துச்சான்னு காட்டுனாங்களான்னு பாருங்க. பேசிஜின நீக்குன செல்லுல எம்சிடி4 பட்டை மங்கிப் போறத வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன் அளவ பட்டையா காட்டுற சோதனை) கண்ணால பாத்துருக்கேன், அதுக்கப்புறம் எம்ஆர்என்ஏ மட்டும் வச்ச கிராஃபுகள நம்புறதில்ல. கொசுறு: மலேரியா ஒட்டுண்ணி ஃபால்சிபாரம் சிவப்பணுவுக்குள்ள நுழைய பிடிச்சுக்கிற கைப்பிடியும் இதே பேசிஜின்தான், 2011ல தெரிஞ்சது. சிவப்பணுவுல அதுக்கு ஜோடி எம்சிடி1.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 1998 பேப்பர்கள படிக்கிறப்ப எம்சிடி3ன்னு இருந்தா அது பெரும்பாலும் இன்னைக்கு நாம சொல்ற எம்சிடி4. வெள்ளைத் தசையில லாக்டேட் வெளியேறுறது எம்சிடி3 வழியாத்தான்னு தலைப்புலயே போட்ட பேப்பர் இருக்கு, அது நம்ம ஆளுதான், அப்புறம்தான் எண் மாத்துனாங்க. இப்ப எம்சிடி3ன்னா விழித்திரைக்கு பின்னாடி இருக்குற நிறமி அடுக்குல இருக்குறது, அது வேற. மேற்கோள் போடுறப்ப மாத்தி போட்டுறாதீங்க.

இப்ப கட்டிக்கு வரேன். ஆக்சிஜன் குறைஞ்சா ஹிஃப்-1 ஆல்ஃபாங்கிற, ஜீன்கள முடுக்குற புரோட்டீன் நிலைச்சு நின்னு எம்சிடி4 ஜீனோட புரோமோட்டர்ல (ஜீனோட சுவிட்ச் பகுதி) உக்காந்து அத முடுக்கி விடும், 2006ல காட்டினாங்க, எம்சிடி1க்கு அந்த ஏற்றம் அங்க தெரியல. அதனாலதான் கட்டியோட நடுப்பகுதி, ரத்தக்குழாய்ல இருந்து தள்ளி மூச்சு முட்டுற இடம், அங்க எம்சிடி4 பளிச்சுன்னு சாயம் ஏறும். அப்ப மருந்து குடுத்து அடைச்சிர வேண்டியதுதானன்னு எல்லாருக்கும் தோணும். ஏஇசட்டி3965ன்னு ஒரு மருந்து முதல் கட்ட மனித சோதனை வரைக்கும் போச்சு, ஆனா அது அடைக்கிறது எம்சிடி1ஐ, எம்சிடி4ஐ தொடாது. எம்சிடி4 இருக்குற கட்டி "அந்தப் பக்கம் அடைச்சியா, நான் இந்தப் பக்கம் போறேன்"னு போயிட்டே இருக்கும். அதனால எம்சிடி4 கம்மியா இருக்குற கட்டியா பாத்து தேடணும்.

ரெண்டையும் அடைச்சா? சைரோசிங்கோபின்னு பழைய ரத்த அழுத்த மருந்து ஒண்ணு, ரெண்டையும் அடைக்கும், எம்சிடி4 மேல இன்னும் பலமா. 2018ல அத மெட்ஃபார்மினோட சேத்து குடுத்தப்ப கேன்சர் செல் கொத்துக் கொத்தா செத்துச்சு, தனித்தனியா குடுத்தா அவ்வளவு இல்ல. காரணம் @கேஎம்_கணக்கன் மேல சொன்ன அதே என்ஏடி கடன்தான். மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவுல என்ஏடி திரும்ப உருவாகுற வழிய அடைக்குது, சைரோசிங்கோபின் லாக்டேட்ட உள்ளயே தேக்கி எல்டிஹெச் வழிய அடைக்குது, ரெண்டு வழியும் போனா என்ஏடி காலி. செல்லுலயும் எலியிலயும் பாத்ததுதான் இது, யாரும் இத படிச்சுட்டு வீட்டுல இருக்குற மெட்ஃபார்மின வச்சு எதுவும் முயற்சி பண்ண வேண்டாம்.

@சவ்வுக்குள்_ஒருவன் போட்ட ரெண்டாவது கணக்குக்கு ஒரு பின்னிணைப்பு. வெளிய அமிலமா இருந்தா எம்சிடி4 திணறும்னாரு, சரிதான், ஆனா செல் அதுக்கும் ஏற்பாடு வச்சிருக்கு. கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 9ன்னு ஒரு என்சைம், அதுவும் ஹிஃப் முடுக்குறதுதான், செல்லோட வெளிப்பக்கம் உக்காந்துருக்கும். அது எம்சிடி பக்கத்துலயே நின்னு, வெளிய வந்த புரோட்டான உடனுக்குடன் பிடிச்சு அந்த இடத்த விட்டு நகத்தி விடுது, ஆன்டெனா மாதிரின்னு எழுதுவாங்க. இதுல ஆச்சரியம், அதோட என்சைம் வேலைய மருந்தால நிறுத்தினாலும் இந்த உதவி நிக்கிறதில்ல. தவளை முட்டை செல்லுல, கேன்சர் செல்லுல ரெண்டுலயும் பாத்துருக்காங்க.

பயோகெம்_பித்து:

அண்ணா எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. 1998 எம்சிடி3 விஷயம் தெரியாம போயிருந்தா மேற்கோள் எல்லாம் சொதப்பிருக்கும், அந்த பேப்பர் என் லிஸ்ட்ல இருந்துச்சு, இது வேற புரோட்டீன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்.

ரெண்டு சின்ன கேள்வி இன்னும். மூளையில ஆஸ்ட்ரோசைட்ல (நியூரானுக்கு துணையா இருக்குற செல்) எம்சிடி4, நியூரான்ல எம்சிடி2ன்னு படிச்சேன், அப்ப ஆஸ்ட்ரோசைட் நியூரானுக்கு லாக்டேட் ஊட்டுதுங்கிறது உறுதியான விஷயமா? அப்புறம் எம்சிடி4ஐ மட்டும் அடைக்கிற மருந்தே இல்லையா?

சவ்வுக்குள்_ஒருவன்:

மூளை விஷயம் இன்னும் சண்டை நடக்குற களம் மா, உறுதின்னு எழுதிறாதீங்க. 1994ல பெல்லரின், மகிஸ்ட்ரெட்டி ரெண்டு பேரும் அந்த கருத்த முன்வச்சாங்க, நியூரான் சிக்னல் விட்டா குளுட்டமேட் ஆஸ்ட்ரோசைட்டுக்குள்ள போகும், அது கிளைகாலிசிஸ முடுக்கி லாக்டேட்ட விடும், நியூரான் அத எடுத்துக்கும்னு. அதுக்கு ஆதரவா 2011ல எலியில ஒரு நல்ல வேலை வந்துச்சு, ஹிப்போகாம்பஸ்ல (ஞாபகத்துக்கான மூளைப் பகுதி) எம்சிடி4 அல்லது எம்சிடி1 உற்பத்திய குறைச்சா எலி கத்துக்கிட்டத மறந்துருது, வெளிய இருந்து லாக்டேட் குடுத்தா ஞாபகம் தப்பிச்சுக்குது. எம்சிடி2ஐ குறைச்சா மட்டும் லாக்டேட் குடுத்தும் பிரயோசனம் இல்ல, ஏன்னா நியூரான் உள்ள எடுக்குற வழியே அடைச்சிருச்சு. எந்தக் கதவு எந்தப் பக்கம்னு அழகா பிரிச்சு காட்டுன சோதனை அது.

எதிர் தரப்பும் சும்மா இல்ல. 2017ல எலி மூளைத் துண்டுல நியூரான தூண்டி சென்சார் வச்சு பாத்தப்ப, நியூரானே சொந்தமா குளுக்கோஸ ஒடச்சு லாக்டேட் பண்ணுது, லாக்டேட்ட இழுத்துக்கிறதால வர்ற மாற்றம் இல்ல இதுன்னு சொன்னாங்க. ரெண்டுமே நடக்கலாம், எது எப்ப எவ்வளவுங்கிறதுலதான் தகராறு. ஸ்லைடுல ரெண்டு தரப்பையும் ஒரு ஒரு வரி போட்டுருங்க, யாரு கேள்வி கேட்டாலும் மாட்ட மாட்டீங்க.

ஹைப்பாக்சியா_ஆந்தை:

மருந்து கேள்விக்கு நான் சொல்றேன். எம்சிடி4 மேல மட்டும் குறி வச்சது ஒண்ணு இருக்கு, விபி124. ஆனா அது பேர் வாங்கினது கேன்சர்ல இல்ல, இதயத்துல. இதயத் தசை பெருத்துப் போறப்ப பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போறது குறைஞ்சு, லாக்டேட்டா மாறி வெளிய ஓடுது. 2021ல எலியில விபி124 குடுத்து அந்த வெளியேத்தத்த அடைச்சப்ப, பைருவேட் திரும்ப மைட்டோகாண்ட்ரியா பக்கம் திரும்பி, தசை பெருக்குறது குறைஞ்சுது. எலி வரைக்கும்தான்.

பழைய ஆய்வுகள்ல ஆல்ஃபா-சயனோ-4-ஹைட்ராக்சிசின்னமேட்னு ஒண்ணு அடிக்கடி வரும், அத எம்சிடி4 தடுப்பான்னு எழுதிறாதீங்க. அது எம்சிடி1ஐ இன்னும் நல்லா அடைக்கும், மைட்டோகாண்ட்ரியாவோட பைருவேட் டிரான்ஸ்போர்ட்டர அத விட ரொம்ப கம்மி அளவுலயே அடைச்சிரும், அந்த மருந்த போட்டுட்டு செல் செத்துச்சுன்னா யார் செத்ததுக்கு காரணம்னு சொல்லவே முடியாது. ஏஆர்-சி155858ங்கிறது எம்சிடி1, எம்சிடி2 ரெண்டையும் அடைக்கும், எம்சிடி4ஐ விட்டுரும். அதனால ஆய்வகத்துல அத போட்டும் லாக்டேட் வெளிய வந்துட்டே இருந்தா அது எம்சிடி4 வழின்னு ஊகிக்கலாம், கையோட கிரிஸ்பர்ல எம்சிடி4ஐ நீக்கின செல்லையும் பக்கத்துல வச்சுக்கங்க, ரிவ்யூவர் முதல்ல கேக்குறது அதான்.